காகித விமானச் சோதனை: விமானத்தை மாற்றும் முன் வீச்சைச் சரிசெய்யுங்கள்

கேள்வி இதுதான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மூன்று விதமான பேப்பர் ராக்கெட் மடித்து, எது அதிக தூரம் போகிறது என்று பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை வீசியிருக்கிறாள். ஒரே ராக்கெட் ஒரு தடவை ஹாலின் கடைசிச் சுவர்வரை போகிறது, அடுத்த தடவை காலடியிலேயே விழுகிறது. எதை நம்பி சார்ட்டில் எழுதுவது? வீடு சேலம் அஸ்தம்பட்டியில். ஏற்காட்டில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே போய் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா? கையில் மூன்று வாரம்.

மூன்று வாரம் தாராளம். உங்கள் மகள் எதையும் தப்பாகச் செய்யவில்லை, கையால் வீசினால் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். தப்பு கேள்வியில் இருக்கிறது. எந்த விமானம் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: ஒரே விமானத்தை, எதையும் மாற்றாமல், 20 தடவை விட்டால் அது எவ்வளவு சிதறி விழுகிறது? இந்த எண் கையில் இல்லாமல் வேறு எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் விமானம் ஐந்து வீச்சில் 4.1, 5.6, 3.2, 6.0, 4.6 மீட்டர் போனது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4.7. இரண்டாவது விமானம் 5.2, 3.9, 5.8, 4.4, 5.2. சராசரி 4.9. இரண்டாவதுதான் சிறந்தது என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் முதல் விமானத்தின் குறைந்த தூரத்துக்கும் கூடிய தூரத்துக்கும் இடையிலேயே 2.8 மீட்டர் இருக்கிறது. அதற்குள் 0.2 மீட்டர் வித்தியாசம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மறுநாள் வீசினால் முடிவு தலைகீழாகலாம்.

இவ்வளவு சிதறல் எங்கிருந்து வருகிறது? கையின் வேகம், கோணம், மணிக்கட்டின் திருப்பம் மூன்றும் ஒவ்வொரு தடவையும் மாறுகின்றன. இதோடு பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. காகித விமானம் நேர்கோட்டில் இறங்குவதில்லை, அலைபோல ஏறி இறங்கிப் போகிறது. வேகம் கூடினால் மேலே எழும்பும், எழும்பினால் வேகம் குறையும், குறைந்தால் மூக்கு தாழும், தாழ்ந்தால் மறுபடி வேகம் கூடும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு இந்த ஒரு அலை சுமார் 1.4 நொடி. வீட்டுக்குள் மொத்தப் பயணமே 2 நொடிதான். அலையின் பள்ளத்தில் தரை குறுக்கிட்டால் விமானம் அங்கேயே குத்தி நிற்கும். மேட்டில் குறுக்கிட்டால் இன்னும் ஒரு மீட்டர் தாண்டிப் போகும். கையில் ஏற்பட்ட சின்ன மாற்றம் தரையில் பெரிய மாற்றமாக வந்து நிற்பது இதனால்தான். ஆகவே முதல் வாரம் முழுவதையும் வீச்சை ஒரே மாதிரி ஆக்குவதற்கே செலவிடுங்கள். அது வீண் வேலை அல்ல, சோதனையின் பாதியே அதுதான்.

அடுத்து, எதை மாற்றிப் பார்ப்பது. மூன்று வெவ்வேறு மாடல்களை ஒப்பிடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் இறக்கைப் பரப்பு, நீளம், எடை நிற்கும் இடம், மூக்கின் வடிவம் எல்லாமே மாறிவிடுகின்றன. ஒன்று ஜெயித்தால் எதனால் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. தூரமா நேரமா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், இரண்டுக்கும் வேண்டிய விமானம் வேறு. 2010-இல் ஜப்பானின் டக்குவோ டோடா 29.2 நொடி காற்றில் நிறுத்திய விமானம் அகன்ற இறக்கை கொண்டது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று இளம் பொறியாளர்கள் 88.31 மீட்டர் பறக்கவிட்டதோ ஒடுங்கிய ஈட்டி போன்றது.

வழக்கமாகப் பிள்ளைகள் எடுக்கும் தலைப்பு, மூக்கில் பேப்பர் கிளிப் கூடக் கூட என்ன ஆகும் என்பது. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கிளிப் மாட்டும்போது மொத்த எடையும் கூடுகிறது, எடை நிற்கும் இடமும் முன்னால் நகர்கிறது. இரண்டு மாற்றம் ஒரே நேரத்தில் நடக்கிறது. நான் சொல்லும் வழி: எடை ஒன்றே, அது உட்காரும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். மொத்த எடை அப்படியே இருக்கும், ஈர்ப்பு மையம், அதாவது எடை நிற்கும் இடம், மட்டும் நகரும். நடுவர் "நீ மாற்றியது என்ன?" என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்.

இனி விமானம். 80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம், ஏ4 தாள், ஒரே கட்டிலிருந்து. இந்தத் தாள் ஒன்றின் எடை 4.99 கிராம், ஏறத்தாழ 5 என்று கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 அல்லது 75 ஆகவும் இருக்கும், உறையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நோட்டிலிருந்து கிழித்த தாள் வேண்டாம்.

தாளை நீளவாக்கில் நடுவில் மடித்துப் பிரியுங்கள். மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் 10.5 செ.மீ. உயர முக்கோணம் வரும். அந்த முக்கோணத்தை அதன் அடிக்கோட்டிலேயே கீழே மடியுங்கள். இப்போது 21 செ.மீ. அகலம், 19.2 செ.மீ. நீளம். நடுக்கோட்டில் மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே ஒரு பென்சில் புள்ளி வையுங்கள். புதிய மேல் மூலைகள் இரண்டும் அந்தப் புள்ளியைத் தொடும்படி மடியுங்கள். மூக்கு கூராக இல்லாமல் 4.4 செ.மீ. அகலத்தில் மொட்டையாக நிற்கும், அப்படித்தான் வேண்டும். கீழே 2.5 செ.மீ. முனை ஒன்று எட்டிப் பார்க்கும். அதை மேலே மடித்து இரண்டு மூலைகளையும் பூட்டிவிடுங்கள். பிறகு பூட்டு வெளிப்பக்கம் தெரியும்படி முழுவதையும் நடுவில் மடித்து, அடியிலிருந்து 2.2 செ.மீ. உயரத்தில் இறக்கைகளை மடியுங்கள். அடியில் விரலால் பிடிக்கும் அந்த 2.2 செ.மீ. பட்டையை இனி பிடி என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு மடிப்பையும் கட்டை விரல் நகத்தாலோ ஸ்கேல் விளிம்பாலோ ஒரே தடவை அழுத்தித் தேயுங்கள். பறக்கும்போது பிடி வாய் பிளந்தால் இறக்கை தொங்கிவிடும், ஆகவே இறக்கைகளுக்கு இடையே மேற்புறமாக 2 செ.மீ. நீளச் செல்லோடேப் ஒன்று ஒட்டுங்கள். முடிந்ததும் டியூப்லைட்டுக்கு எதிரே மூக்கு உங்களைப் பார்க்கும்படி கண் மட்டத்தில் பிடியுங்கள். இறக்கைகள் இரண்டும் பிடியிலிருந்து லேசாக மேல்நோக்கி, ஒரே அளவு சாய்ந்து தெரிய வேண்டும். ஒரு பக்கம் விளிம்பு மெல்லிய கோடாகவும், மறுபக்கம் இறக்கையின் அடிப்பாகம் கொஞ்சம் பரப்பாகவும் தெரிந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த விமானம் எப்போதும் ஒரே பக்கம் சுழன்று விழும். விரலால் நீவிச் சரிசெய்யுங்கள், சரியாகவில்லை என்றால் புதிதாக மடியுங்கள். இந்த மாதிரி மூன்று விமானம் வேண்டும். ஏன் மூன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நகரும் எடைக்குக் குழந்தைகள் விளையாடும் களிமண், அதாவது க்ளே, 1 கிராம். பேப்பர் கிளிப்பைவிட இது நல்லது. மேலிருந்து பிடியின் பள்ளத்துக்குள் அழுத்திவிடலாம், கீழே எதிலும் மாட்டாது. சமையலறைத் தராசு 1 கிராம்வரைதான் காட்டும், அதில் 1 கிராமை நிறுக்க முடியாது. பத்துக் கிராம் நிறுத்து, புழுப்போல உருட்டி, ஸ்கேல் வைத்துப் பத்துச் சமத்துண்டாக வெட்டுங்கள். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையோ வெள்ளிக் கடையோ தெரிந்தவர்கள் வைத்திருந்தால், அவர்கள் தராசில் விமானத்தையும் களிமண்ணையும் நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி எளிது.

இப்போது ஏவுகருவி. இதில்தான் எல்லாம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். 45 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் கொண்ட பிளைவுட் பலகை. அதன்மேல் 30 செ.மீ. மர ஸ்கேல் இரண்டை விளிம்பில் நிற்க வைத்து, இடையே 12 மி.மீ. சந்து விட்டு, ஃபெவிகாலால் ஒட்டுங்கள். பலகையின் முன்பக்கத்தில் ஸ்கேல் முனைகளுக்கு 1 செ.மீ. முன்னால், 12 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். பலகைக்கு மேல் அவை 2 செ.மீ.க்கு அதிகமாக நீட்டக் கூடாது, நீட்டினால் இறக்கை தட்டும். விமானத்தின் பிடி சந்துக்குள் இறங்கும், இறக்கைகள் ஸ்கேல்களின் மேல் விளிம்பில் உட்காரும்.

ரப்பர் பேண்டுக்குப் பதில், தையல் கடையில் கிடைக்கும் 1 மி.மீ. உருண்டை எலாஸ்டிக் நூலை வாங்குங்கள். நூலின் இரு முனைகளையும் இரண்டு ஆணிகளில், பலகையிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். தளர்வாக இருக்கும்போது நூல் சந்துக்குள் 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வளையமாகப் போக வேண்டும். விமானத்தின் பிடியில், மூக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளி, அடிவிளிம்பில் இருபுறமும் செல்லோடேப் ஒட்டி, 6 மி.மீ. நீளச் சாய்வு வெட்டு போடுங்கள். வெட்டின் வாய் வால் பக்கம், உள்முனை மூக்குப் பக்கம். நூல் இழுபடும்போது வெட்டுக்குள் அடங்கி நிற்கும், தளர்ந்ததும் தானாகக் கழன்றுவிடும். சாய்வைத் திருப்பிப் போட்டால் இழுக்கும்போதே நழுவும். இது எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் பிழை, வெட்டும் முன் பென்சிலால் கோடு போட்டு நூலை வைத்துப் பாருங்கள்.

விமானத்தைப் பின்னால் இழுத்ததும் விரலால் பிடித்து விடுவிக்காதீர்கள். விரல் ஒவ்வொரு தடவையும் ஒரு தள்ளு தள்ளும். பலகையின் பின்முனையில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை ஒட்டி, அது வாலில் பிடியைக் கவ்வும்படி செய்யுங்கள். கிளிப்பை அழுத்தினால் விமானம் கிளம்பும். எவ்வளவு இழுப்பு என்பதை ஒரு செ.மீ. கூடுதலாகக் கூட்டிக்கொண்டே போய்க் கண்டுபிடியுங்கள். கிளம்பியதும் மூக்கைத் தூக்கி எழும்பினால் இழுப்பு அதிகம், உடனே தொங்கிக் குத்தினால் குறைவு. இரண்டும் இல்லாமல் சரிவாக வழுக்கிப் போகும் அளவு 10 செ.மீ. சுற்றுவட்டாரத்தில் வந்தால் நல்லது. கடினமான ரப்பரில் 3 செ.மீ. இழுப்பே போதும் என்று வரலாம், ஆனால் அங்கே 1 மி.மீ. பிசகினால் வேகம் 3 சதவீதம் மாறும். 10 செ.மீ. இழுப்பில் அதே பிசகுக்கு 1 சதவீதம்தான். மெல்லிய நூல், நீண்ட இழுப்பு. கிளிப்பின் இடம் முடிவானதும் அதை ஃபெவிகாலோடு ஒரு ஸ்க்ரூவும் போட்டு நிறுத்திவிடுங்கள்.

பலகை தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், மேசைமேல் ஒரு உறுதியான பெட்டி வைத்தால் வந்துவிடும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஸ்கேல் நீளத்தில் 3 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும், அது சுமார் 6 டிகிரி. மேல்நோக்கி ஏவ ஆசை வரும், ஏவினால் முன்சொன்ன அலை பெரிதாகும், சிதறலும் பெரிதாகும். இப்படி மடித்த விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நாலைந்து மீட்டர் முன்னால் போகலாம் என்பதால் 7 மீட்டர் நேர் இடம் வேண்டும். ஹால் போதாது என்றால் ஹாலிலிருந்து படுக்கையறை வாசல்வழி விடுங்கள், இல்லையேல் பள்ளி வராந்தா. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். சேலத்து வெயிலில் சூடான தளத்திலிருந்து காற்று மேலே எழும்பிக்கொண்டே இருக்கும், 5 கிராம் காகிதத்தை அது எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும்.

ஃபேனை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். காற்று அடங்கிவிட்டதா என்று பார்க்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி இல்லை. விமானப் பாதையில் மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள், புகை ஒரு சாண் உயரம் கலையாமல் நேராக எழுந்தால் தொடங்கலாம். பத்தியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மூக்கு சுவரில் மோதி நசுங்கினால் அது வேறு விமானம் ஆகிவிடுகிறது.

தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? ஏவுகருவியின் முன்முனையிலிருந்து ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டால் அது தரையைத் தொடும் இடம் பூஜ்யம். விமானம் முதலில் தரையைத் தொட்ட இடம் முடிவு. வழுக்கி நின்ற இடம் அல்ல. டைல்ஸ் தரையில் ஒரு மீட்டர்வரைகூட வழுக்கும், அந்த ஒரு மீட்டர் பறத்தல் இல்லை. இதற்கு ஒருவர் தரையோடு குனிந்து பார்த்துச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு விலகியது என்பதையும் எழுதுங்கள், 50 செ.மீ.க்கு மேல் ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தால் இறக்கை முறுக்கியிருக்கிறது என்று பொருள்.

நேரத்துக்கு ஸ்டாப்வாட்ச் பயன்படாது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே 0.2 நொடி போகிறது, 2 நொடிப் பறத்தலில் அது பத்தில் ஒரு பங்கு. போனில் ஸ்லோமோஷனில் எடுத்து, கிளம்பியதிலிருந்து தரை தொட்டதுவரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் என்றால் 480 படம் 2 நொடி. அந்த வசதி இல்லாத போனில் சாதாரண வீடியோவே நொடிக்கு 30 படம், அதுவும் ஸ்டாப்வாட்சைவிட எவ்வளவோ மேல்.

முதல் வாரக் கடைசியில் வெறும் விமானத்தை, அதாவது களிமண் இல்லாமல், 20 தடவை ஏவி தூரத்தின் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடுங்கள். திட்ட விலக்கம் என்பது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் அளவு. அது பத்தாம் வகுப்புப் பாடம், ஆனால் போன் கால்குலேட்டரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். பக்கத்திலேயே கையால் வீசிய 20 எண்களையும் வையுங்கள். வரைபடத் தாளில் இரண்டு வரிசைப் புள்ளிகள்: ஒன்று பரந்து கிடக்கும், இன்னொன்று கூட்டமாக நிற்கும். கண்காட்சியில் வருபவர்கள் முதலில் நின்று பார்க்கப்போவது இந்தப் படத்தைத்தான். விலக்கம் சராசரியில் 10 சதவீதத்துக்குள் வரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். கிளிப், நூலின் முடிச்சு, இறக்கை முறுக்கல், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எலாஸ்டிக் நூலும் புதிதில் ஒத்துழைக்காது. தினமும் தொடங்கும் முன் பத்துத் தடவை சும்மா இழுத்து விடுங்கள், இழுத்த பிறகு இரண்டு நொடிக்குமேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் உண்மையான சோதனை. விமானத்தை ஸ்கேலின் விளிம்பில் குறுக்காக நிறுத்தி, எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன அளவில் மடித்தால் வெறும் விமானத்தின் ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து சுமார் 8.1 செ.மீ. வரும். 1 கிராம் களிமண்ணை மூக்கிலிருந்து 1, 4, 7, 10, 13 செ.மீ. இடங்களில் வைத்தால் மையம் முறையே 6.9, 7.4, 7.9, 8.4, 8.9 ஆக நகரும். இதை மகளே கணக்கிடட்டும்: விமான எடை 5 பெருக்கல் 8.1, அதோடு களிமண்ணின் 1 பெருக்கல் அதன் தூரம், மொத்தத்தை 6-ஆல் வகுக்க வேண்டும். கணக்கில் வந்ததையும் ஸ்கேல் விளிம்பில் அளந்ததையும் பக்கம் பக்கமாக எழுதினால் அழகான ஒரு அட்டவணை தயார். இறக்கைகளின் பின்விளிம்பை வால் ஓரத்தில் 3 மி.மீ. மேல்நோக்கி வளைத்துவிட்டு, அதன்பிறகு தொடவே கூடாது.

மூன்று விமானம் கேட்டது இதற்காக. ஒரே விமானத்தை வைத்துச் சோதித்தால், வந்த முடிவு அந்த மடிப்பின் குணமா, ஈர்ப்பு மையத்தின் குணமா என்று பிரிக்க முடியாது. மூன்று விமானம், ஐந்து இடம், ஒவ்வொன்றுக்கும் ஏழு தடவை, மொத்தம் 105. ஒரு நாளைக்கு 35 என்றால் மூன்று மாலைதான். ஆனால் 1 செ.மீ. இடத்தை முதல் நாளும் 13 செ.மீ. இடத்தைக் கடைசி நாளும் விடாதீர்கள். நாள் போகப் போக நூல் தளரும், தாள் தொய்யும், அதெல்லாம் ஈர்ப்பு மையத்தின் கணக்கில் ஏறிவிடும். 105 சீட்டு எழுதி டப்பாவில் குலுக்கி, வருகிற வரிசையில் விடுங்கள். களிமண்ணை அடிக்கடி இடம் மாற்றச் சலிப்பாக இருக்கும், அந்தச் சலிப்புக்குப் பலன் உண்டு.

எந்த வீச்சைக் கழிப்பது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் முன்கூட்டியே எழுதுங்கள். நூல் மாட்டிக்கொண்டது, நாற்காலியில் இடித்தது, யாரோ கதவைத் திறந்தார்கள், இவ்வளவுதான் காரணம். தூரம் குறைவாக வந்தது என்பதற்காக ஒன்றையும் அடிக்கக் கூடாது.

என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கலாம்? களிமண் முன்னால் இருக்கும்போது விமானம் மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறங்கும், சிதறல் குறைவாக இருக்கும். 7 செ.மீ. சுற்றி நன்றாக வழுக்கும். 10, 13 செ.மீ.யில் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, பின்னால் சரிந்து விழும். இந்த இறக்கை வடிவத்துக்குத் தூக்கு விசை மாற்றங்கள் வந்து சேரும் இடம் மூக்கிலிருந்து சுமார் 8.3 செ.மீ. ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருக்கும்வரை விமானம் ஆடினாலும் தானே நிமிரும், பின்னால் போனால் ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாகும். மடிப்பில் சில மில்லிமீட்டர் மாறினால் இந்த எல்லையும் நகரும். ஆகவே 8.3 என்பதைச் சரிபார்க்க வேண்டிய கணிப்பாக எழுதுங்கள், விடையாக அல்ல. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வாளர்கள் இதே விஷயத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை வழுக்கவிட்டு ஆராய்ந்தார்கள். எடை நடுவில் இருந்தால் தகடு படபடத்து விழுகிறது, அதிகம் முன்னால் போனால் குத்துகிறது, இடையில் ஒரு இடத்தில் சீராக வழுக்குகிறது. மெல்லிய தட்டை இறக்கையில் மூக்கு உயர்ந்தால் காற்றழுத்தத்தின் மையம் பின்னால் நகர்ந்து மூக்கைத் தாழ்த்துகிறது, தாழ்ந்தால் முன்னால் நகர்ந்து உயர்த்துகிறது என்பது அவர்கள் கண்ட காரணம். எட்டாம் வகுப்பு நோட்டிலிருக்கும் இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்துக் கேள்வியும்தான் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

இனி ஏற்காடு. வித்தியாசம் உண்டு, ஆனால் எல்லோரும் நினைப்பது அல்ல. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. காற்றழுத்தம் சேலத்தில் சுமார் 980 ஹெக்டோபாஸ்கல், மேலே சுமார் 850. வானிலைச் செயலியைப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் 1010 போல ஒரே எண் காட்டும், அது கடல்மட்டத்துக்கு மாற்றி எழுதிய அழுத்தம், அதை எடுக்காதீர்கள். சேலத்தில் 32 டிகிரி, ஏற்காட்டில் 20 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.12 கிலோவிலிருந்து 1.01-க்கு இறங்குகிறது, சுமார் 10 சதவீதம். அதே எடையைத் தாங்க விமானம் சுமார் 5 சதவீதம் வேகமாகப் போக வேண்டும். காற்று லேசாக இருப்பதால் அதிக தூரம் போகும் என்று தோன்றும். கையால் ஓங்கி வீசும் ஈட்டி விமானத்துக்கு அது ஓரளவு உண்மை. மெல்ல வழுக்கும் விமானத்துக்கு இறங்கும் சரிவு மாறாது. அதே சரிவு, அதே தூரம், ஆனால் 5 சதவீதம் முன்னதாகவே தரை தொடும். 2 நொடிப் பறத்தலில் 0.1 நொடி, 240 பட வீடியோவில் 24 படம்.

இந்த 5 சதவீதத்தைப் பிடிக்க நேரத்தின் சிதறலும் 5 சதவீதமாக இருந்தால் ஒவ்வொரு ஊரிலும் 16 முதல் 20 ஏவல் போதும். சிதறல் 20 சதவீதமாக இருந்தால் ஒவ்வொரு ஊரிலும் 250 வேண்டும். முதல் வார வேலை எதற்கு என்பது இங்கே தெரியும்.

மேலே இன்னும் இரண்டு சங்கதி உண்டு. மூடுபனி நேரத்தில் தாள் ஈரம் வாங்கிக் கனக்கும், வளைத்த பின்விளிம்பு படுத்துவிடும். விமானங்களைச் சேலத்திலேயே மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே வீட்டுக்குள், ஊதுபத்தி பார்த்து, டப்பாவிலிருந்து எடுத்த அரை மணிக்குள் முடியுங்கள். பகோடா பாயிண்டிலோ லேடீஸ் சீட்டிலோ நின்று விடுவது வேடிக்கைக்குச் சரி, சோதனைக்கு ஆகாது. காகிதத்தைக் காட்டில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். இன்னொன்று, குளிரில் எலாஸ்டிக் நூலின் இழுப்பு மாறும். நூலில் ஒரே எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று இரண்டு ஊரிலும் அளந்து எழுதுங்கள். மேலே நீட்சி கொஞ்சம் மாறி வந்தாலும் கிளிப்பைத் தொடாதீர்கள், எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எந்த மாற்றமும் செய்யாமல் அதே மூன்று விமானங்களோடு இறங்கி வந்து, சேலத்தில் மறுபடி 20 ஏவல் செய்ய வேண்டும். அந்த எண்கள் போவதற்கு முந்தைய சேலம் எண்களோடு ஒத்துப்போனால், தாள் கெடவில்லை, நூலும் தளரவில்லை, இடையில் ஏற்காட்டில் கிடைத்த வித்தியாசத்தை, குளிரில் நூலின் நீட்சி மாறியிருந்தால் அதையும் பக்கத்தில் குறித்து, மலையின் கணக்கில் எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் மூன்று வரிசைப் புள்ளிகளையும் அப்படியே சார்ட்டில் போட்டு, தாளா நூலா எது மாறியிருக்கும் என்று மகள் நினைக்கிறாளோ அதைக் கீழே எழுதட்டும்.